கொழும்பில் வயலைக் காப்பது எப்படி? மண் கொட்டும் முன்பும் பின்பும் செய்ய வேண்டியவை

வயலோரம் மண் லொறி வந்து நிற்கும்போது, அதற்கான தாள்களில் பாதி ஏற்கெனவே கையெழுத்தாகி இருக்கும். மிச்சப் பாதி இல்லாமலேயே வேலை தொடங்கிவிடும். கொழும்பு மாவட்டத்தில் வயல்கள் பெரும்பாலும் இப்படித்தான் மறைகின்றன. ஆகவே ஒரு வயலைக் காக்க நினைப்பவர் முதலில் தேட வேண்டியது அந்தத் தாள்களை. எந்த அலுவலகத்தில், யாருடைய கையெழுத்துக்காக அவை காத்திருக்கின்றன என்று தெரிந்தால், மண் வருவதற்கு முன்பே நாம் பேச முடியும்.

கொழும்பில் ஏது வயல் என்று வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருக்கும் நம்மவர்கள் கேட்பதுண்டு. இருக்கிறது. ஹோமாகம, பாதுக்கை, கெஸ்பேவ, கடுவலை, சீதாவக்கை என்று மாவட்டத்தின் தெற்கிலும் கிழக்கிலும் வயல்வெளிகள் இன்னும் உண்டு. தலங்கமக் குளத்துக்குக் கீழே நெல் விளைகிறது. களனி கங்கையை அண்டிய தாழ்நிலங்களில் கங்குன், பொன்னாங்காணி, வல்லாரைப் பாத்திகள் இருக்கின்றன.

கொழும்பு தன் சோற்றைத் தானே விளைவித்துக்கொள்ளும் என்று நான் சொல்ல வரவில்லை. அரிசி பொலன்னறுவையிலிருந்தும் அம்பாறையிலிருந்தும் வரும். மரக்கறி நுவரெலியாவிலிருந்தும் தம்புள்ளையிலிருந்தும் பேலியகொடைச் சந்தைக்கு வரும். அந்த நீண்ட பாதை இடறினால் என்ன ஆகும் என்பதை 2022 இல் எல்லோரும் பார்த்தோம். அந்த ஆண்டு செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். அதற்கு முன், ஜூன் மாதத்தில், அரச ஊழியர்கள் வீட்டில் பயிர் செய்யட்டும் என்று வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுக்க அமைச்சரவை முடிவெடுத்தது. பயிர் செய்யச் சொல்ல ஒரு நாள் போதும். ஆனால் நிரப்பிய வயலை மறுபடி வயலாக்க ஒரு தலைமுறையிலும் முடியாது.

இந்த வழிகாட்டி வயல் சொந்தக்காரருக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல. பக்கத்து ஒழுங்கையில் வாடகைக்கு இருப்பவரும் முறைப்பாடு செய்யலாம், தகவல் கேட்கலாம், ஆட்சேபனை எழுதலாம். வயலை நிரப்பினால் வெள்ளம் போவது அவர் வீட்டுக்குள்தான்.

படி 1: அந்த நிலம் தாளில் என்னவாக இருக்கிறது?

கண்ணுக்குப் புல் மூடிய பள்ளமாகத் தெரியும் இடம் தாளில் வயலாக இருக்கலாம். முதலில் காணியின் பெயரைப் பாருங்கள். உறுதியில் பெயர் ‘கும்புர’ என்று முடிந்தால் அது வயல். ‘ஓவிட்ட’ என்பது வயலை ஒட்டிய சற்று மேடான நிலம், ‘தெனிய’ என்பது இரண்டு மேடுகளுக்கு நடுவே ஓடும் ஈரப் பள்ளம். நில அளவைப் படத்தின் மூலையில் இந்தப் பெயர்கள் இருக்கும். காணிப் பதிவகத்தில் பழைய உறுதிகளின் பதிவைத் தேடினால் ஐம்பது ஆண்டுக்கு முன் அது என்னவாக இருந்தது என்றும் தெரியும்.

அடுத்து, அந்தப் பகுதிக்கான கமநல சேவை நிலையத்துக்குப் போங்கள். 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் விவசாயக் காணிகளுக்கான பதிவேடு ஒன்று அங்கே இருக்கிறது. வயலின் பெயர், பரப்பு, சொந்தக்காரர், பயிரிடுபவர் எல்லாம் அதில் பதியப்படும். இந்தப் பதிவேட்டில் அந்த நிலம் வயலாக இருக்கிறதா இல்லையா என்பதுதான் பின்னால் வரும் எல்லாச் சண்டைக்கும் அடித்தளம். பதிவில் வயல் என்று இருந்தால், ‘இது பத்து வருடமாகப் பயிரிடாத வெறும் காணி’ என்ற பேச்சு எடுபடாது. பயிரிடாமல் விட்டதால் வயல் வயலல்லாமல் போய்விடுவதில்லை.

மூன்றாவது, நகர அபிவிருத்தி அதிகார சபையின் அபிவிருத்தித் திட்டத்தில் அந்த இடம் எந்த வலயத்தில் வருகிறது என்று பாருங்கள். திட்ட வரைபடங்கள் அதிகார சபையின் இணையத்தளத்தில் கிடைக்கும். உங்கள் மாநகர சபையிலோ நகர சபையிலோ உள்ள திட்டமிடல் பிரிவிலும் கேட்கலாம். வரைபடத்தில் வலயத்தின் நிறம் மட்டும் போதாது. அந்த வலயத்தில் எதற்கு அனுமதி உண்டு என்ற அட்டவணை தனியாக இருக்கும், அதையும் வாசியுங்கள்.

அப்புறம் கூகுள் ஏர்த். அதில் பழைய ஆண்டுகளின் செய்மதிப் படங்களைப் பின்னோக்கிப் பார்க்கும் வசதி இருக்கிறது. ஒவ்வொரு ஆண்டும் அந்த வயல் எப்படி இருந்தது என்று திகதியோடு படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். ‘நான் வாங்கும்போதே இது மேட்டு நிலம்’ என்பவருக்கு அதைவிட நல்ல பதில் இல்லை.

படி 2: யாருடைய கையெழுத்து வேண்டும்?

இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். எல்லா முறைப்பாட்டையும் பிரதேச செயலாளருக்கோ கிராம அலுவலருக்கோ எழுதிவிட்டுக் காத்திருப்பார்கள். அவர்கள் உதவலாம். ஆனால் வயலை நிரப்ப அனுமதி கொடுக்கும் அதிகாரம் அவர்களிடம் இல்லை.

நெல் வயலை நிரப்பவும், அதிலிருந்து மண் அள்ளவும், அதில் கட்டடம் எழுப்பவும் கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். இல்லாமல் செய்தால் குற்றம். விண்ணப்பம் பொதுவாக உள்ளூர்க் கமநல சேவை நிலையம் வழியாகப் போகும். அங்கே கள ஆய்வு செய்து பரிந்துரை எழுதுவார்கள். கமக்காரர் அமைப்பின் கருத்துக்கு மதிப்புள்ள கட்டம் அதுதான். உங்கள் வயல்வெளியில் இயங்கும் கமக்காரர் அமைப்பு இருந்தால் அதன் தலைவரையும் செயலாளரையும் முன்கூட்டியே தெரிந்துவைத்திருங்கள்.

நிலம் தாழ்வானதாகவோ சதுப்பாகவோ இருந்தால் இலங்கை காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் அனுமதியும் தேவை. 1968 இல் கொழும்பு மாவட்டத் தாழ்நிலங்களுக்கென்றே ஏற்படுத்தப்பட்ட சபையிலிருந்து வளர்ந்த நிறுவனம் இது. 2006 இல் வந்த திருத்தச் சட்டம் அனுமதியின்றித் தாழ்நிலம் நிரப்புவதற்கு எதிராக அதன் அதிகாரத்தைப் பலப்படுத்தியது. இந்தக் கூட்டுத்தாபனம் கேட்கும் கேள்வி வெள்ளம் பற்றியது: இந்த இடம் எவ்வளவு மழைநீரைத் தாங்குகிறது, நிரப்பினால் அந்த நீர் எங்கே போகும்?

மூன்றாவது கையெழுத்து உள்ளூராட்சி சபையுடையது. கட்டடத் திட்டத்துக்கும் காணியைத் துண்டாடுவதற்கும் சபை அனுமதி வேண்டும். நகர அபிவிருத்திப் பிரதேசமாக அறிவிக்கப்பட்ட இடங்களில் சபை அந்த அதிகாரத்தை நகர அபிவிருத்தி அதிகார சபையின் சார்பில் பயன்படுத்துகிறது. 2021 ஜூலை 8 ஆம் திகதிய 2235/54 இலக்க அதிவிசேட வர்த்தமானியில் வந்த திட்டமிடல், அபிவிருத்தி ஒழுங்குவிதிகள்தான் இப்போதைய அடிப்படை.

நிரப்பும் பரப்பு 4 ஹெக்டேயரைத் தாண்டினால், அதாவது ஏறக்குறைய 10 ஏக்கர், தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் நடைமுறைக்குள் வரும். சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரிக்கப்பட்டால், அறிவித்தல் வெளியாகி 30 நாளுக்குள் பொதுமக்கள் கருத்து எழுதலாம். அறிவித்தல்கள் பத்திரிகைகளில் வரும், தமிழ்ப் பத்திரிகையிலும் பாருங்கள். 4 ஹெக்டேயருக்குச் சற்றுக் கீழே நிற்கும் திட்டத்தையும், ஒரே வயல்வெளியில் ஒரே ஆளின் பெயரிலோ உறவினர் பெயரிலோ தனித்தனியாக வரும் விண்ணப்பங்களையும் கவனியுங்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்படி எழுத்தில் கேளுங்கள்.

அவிசாவளை, ஹோமாகமப் பக்கம் றப்பர், தென்னந்தோட்டங்களும் துண்டாடப்படுகின்றன. அவற்றுக்கு 1958 ஆம் ஆண்டின் தேயிலை, றப்பர், தென்னைத் தோட்டத் துண்டாடல் கட்டுப்பாட்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. அந்தத் தோட்டங்களில் வேலை செய்யும் குடும்பங்களுக்குத் தோட்டம் விற்பனைக்கு வருவது முதலில் அறிவித்தலாக வராது, அளவையாளர் வந்து கல் நடுவதாகத்தான் தெரியவரும். கல் நடும் அன்றே கேட்கத் தொடங்குங்கள்.

படி 3: சபைக்குள் நுழைவது

கொழும்பு மாவட்டச் சபைகளில் 2023 மார்ச் முதல் 2025 வரை தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்களே இல்லை. 2025 மே 6 இல் தேர்தல் நடந்த பிறகு உங்கள் வட்டாரத்துக்கு மறுபடி ஒரு உறுப்பினர் இருக்கிறார். அவரிடம் போகும்போது ‘வயலைக் காப்பாற்றுங்கள்’ என்று பொதுவாகக் கேட்பதைவிட மூன்று குறிப்பான உதவிகளைக் கேளுங்கள். இந்த விண்ணப்பம் திட்டமிடல் குழுவுக்கு எப்போது வருகிறது என்று அறிந்து சொல்வது ஒன்று. கமநல திணைக்களத்தின் கடிதமும் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் கடிதமும் கோப்பில் இருக்கின்றனவா என்று சபைக் கூட்டத்தில் கேள்வியாக எழுப்புவது இன்னொன்று. அந்தக் கேள்வியையும் பதிலையும் கூட்ட அறிக்கையில் பதியச் செய்வது மூன்றாவது. கூட்ட அறிக்கையில் ஏறிய கேள்விக்குப் பிற்பாடு நீதிமன்றத்திலும் மதிப்புண்டு.

தனி விண்ணப்பங்களை விடப் பெரிய வாய்ப்பு, அபிவிருத்தித் திட்டமே திருத்தப்படும் காலம். நகர அபிவிருத்தி அதிகார சபை ஒரு பகுதிக்குப் புதிய திட்டம் தயாரித்தால் அதை மக்கள் பார்வைக்கு வைத்து 60 நாள் கருத்துக் கேட்கும். அந்த 60 நாளில் யாரும் எழுதாமல் விட்டால், உங்கள் வயல்வெளி ‘கலப்பு அபிவிருத்தி’ என்ற நிறத்துக்கு மாறி, பத்து ஆண்டுக்கு அப்படியே இருக்கும். பிறகு ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தனித்தனியாக எதிர்த்துக் களைத்துப் போவீர்கள். என் கருத்தில், வருடம் முழுக்கச் செய்யும் வேலையை விட இந்த 60 நாளில் எழுதும் ஒரு பக்கம் அதிகம் சாதிக்கும். வரைபடத்தில் வயலின் எல்லையைக் குறித்து, பதிவேட்டுப் பெயரைச் சொல்லி, ‘இதை விவசாய வலயமாக வையுங்கள்’ என்று கேளுங்கள்.

படி 4: தகவல் கேட்பது

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் உள்ள நல்ல கருவி. ஒவ்வொரு அரச நிறுவனத்திலும் ஒரு தகவல் அலுவலர் இருக்க வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாய்மொழியாகக் கேட்டால் அதை எழுதிக்கொள்வது அலுவலரின் கடமை. தமிழில் கேட்கலாம், தமிழில் பதில் கேட்கலாம். 14 வேலை நாளுக்குள் கொடுப்பதா மறுப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் அல்லது பதிலே வராவிட்டால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதன் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

கேள்வி குறுகியதாக, ஆவணத்தைச் சுட்டிக் கேட்பதாக இருக்கட்டும். இப்படி எழுதலாம்:

*“தகவல் அலுவலர் அவர்களுக்கு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பின்வருவனவற்றின் பிரதிகளைத் தமிழ் மொழியில் கோருகிறேன். (1) … கிராம அலுவலர் பிரிவில் … வீதியை ஒட்டி அமைந்த … கும்புர எனும் காணியை நிரப்புவதற்கோ துண்டாடுவதற்கோ கட்டடம் அமைப்பதற்கோ கடந்த மூன்று ஆண்டுகளில் கிடைத்த விண்ணப்பங்கள். (2) அவை தொடர்பான கள ஆய்வு அறிக்கைகளும் பரிந்துரைகளும். (3) வழங்கப்பட்ட அனுமதிகளும் அவற்றின் நிபந்தனைகளும். (4) அனுமதி வழங்கப்படாதிருப்பின், அனுமதி எதுவும் வழங்கப்படவில்லை என்ற எழுத்துமூல உறுதிப்படுத்தல்.”*

நான்காவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். ‘அனுமதி வழங்கவில்லை’ என்று திணைக்களமே எழுதித் தந்த ஒரு வரி, பொலிஸிலும் நீதவான் நீதிமன்றத்திலும் நூறு கையெழுத்து மனுவை விடப் பலம்.

ஒரே நாளில் கமநல திணைக்களத்துக்கும், காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்துக்கும், சபைக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். மூன்று பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இடைவெளி தெரியும். ஒருவர் ‘மற்றவர் அனுமதித்ததால் நாங்கள் அனுமதித்தோம்’ என்று எழுதியிருப்பார், அந்த மற்றவர் ‘எங்களுக்கு விண்ணப்பமே வரவில்லை’ என்றிருப்பார். விண்ணப்பம் கிடைத்ததற்கான அத்தாட்சியை வாங்கி வையுங்கள், அல்லது பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

மொழி பற்றி ஒரு வார்த்தை. கொழும்பு மாவட்ட அலுவலகங்கள் பலவற்றில் வேலை சிங்களத்தில் நடக்கிறது. தமிழில் எழுதித் தமிழில் பதில் பெற அரசியலமைப்பு நமக்கு உரிமை தருகிறது, அதை விட்டுக்கொடுக்க வேண்டாம். அதே நேரம் அவசர முறைப்பாட்டுக்கு ஒரு பக்கச் சிங்கள மொழிபெயர்ப்பை இணைத்தால் அன்றைக்கே யாராவது வாசிப்பார்கள். வயலுக்கு அந்தப் பக்கத்தில் இருப்பது சிங்களக் குடும்பமாக இருக்கும், அவர்களுடைய முற்றத்திலும் அதே தண்ணீர்தான் நிற்கும். இரண்டு மொழியிலும் ஒரே கடிதம், இரண்டு பக்கத்தாரின் கையெழுத்தும் என்றால் அலுவலகத்தில் எடுபடும் விதமே வேறு.

படி 5: அதிகாரி எழுதிக்கொள்ளக்கூடிய ஆட்சேபனை

‘பசுமை அழிகிறது’ என்ற வாக்கியம் உண்மையானது, ஆனால் கோப்பில் அதற்கு இடமில்லை. அதிகாரி தன் அறிக்கையில் பிரதி செய்யக்கூடிய விஷயங்களை எழுதுங்கள்.

தண்ணீர் முதலில். கணக்கு எளிது. ஒரு ஏக்கர் வயலில் ஒரு அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது ஏறக்குறைய 12 லட்சத்து 33 ஆயிரம் லீற்றர். பத்தாயிரம் லீற்றர் பவுசரில் 120க்கும் மேல். உங்கள் ஒழுங்கை முடிவில் இருக்கும் இரண்டு ஏக்கர் வயலை நிரப்பினால், 240க்கும் மேற்பட்ட பவுசர் தண்ணீர் வேறு இடம் தேடும். கடைசி வெள்ளத்தில் வயலில் எவ்வளவு உயரம் நின்றது என்று பக்கத்து மதிலில் உள்ள தழும்பை அளந்து, படம் எடுத்து இணையுங்கள். 2010 நவம்பரில் பாராளுமன்ற வளாகமே தண்ணீரில் நின்றது. 2016 மேயில் களனி பெருகி கொலன்னாவை மூழ்கியது. நெல் வயல்களையும் சேர்த்து ஈரநிலங்கள் நகரத்தைக் காப்பதை அரசே ஏற்றிருக்கிறது. 2018 இல் ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச றம்சார் உடன்படிக்கையின் கீழ் கொழும்பு ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது, ஒரு தலைநகரத்துக்கு அது முதல் தடவை. அந்த அங்கீகாரத்தை உங்கள் கடிதத்தில் நினைவூட்டுங்கள்.

உணவைப் பற்றி எழுதும்போது பெரிதுபடுத்த வேண்டாம். மேல் மாகாண வயலின் விளைச்சல் வரண்ட வலயத்தோடு போட்டிபோடாது, அதிகாரிக்கும் அது தெரியும். உண்மையான பலத்தை எழுதுங்கள்: இந்த வயல்வெளியை எத்தனை குடும்பம் பயிரிடுகிறது, போகத்துக்கு எத்தனை புசல், கீரையும் மரக்கறியும் எந்தச் சந்தைக்குப் போகிறது, அறுத்த அன்றே விற்பனையாகிறதா. கீரை வாடும் பொருள். தூரத்திலிருந்து வருவதில் ஒரு பங்கு வழியிலேயே வீணாகும். பக்கத்து வயலில் விளைவது காலையில் பறித்துப் பகலில் சட்டிக்குப் போகும். இந்த எண்களை நீங்கள் கமக்காரரிடமே கேட்டு எழுத வேண்டும், கமநல நிலையத்திலும் சரிபார்க்கலாம். கால்வாய்த் தண்ணீர் அசுத்தமான இடங்களில் அதையும் மறைக்காமல் சொல்லி, தண்ணீரைச் சுத்தம் செய்யும்படி கேளுங்கள். மண்ணைக் கொட்டுவது அதற்குப் பரிகாரம் ஆகாது.

மூன்றாவது, தொடர் பாதிப்பு. வயல்வெளியின் நடுவில் ஒரு துண்டை நிரப்பினால் வாய்க்கால் அடைபடும், கீழ்ப்புற வயல்களுக்குத் தண்ணீர் வராது அல்லது வடியாது. அடுத்த இரண்டு போகத்தில் அவையும் தரிசாகும், அப்புறம் ‘பயிரிடாத நிலம்’ என்று அவற்றுக்கும் விண்ணப்பம் வரும். ஒரு துண்டுக்கான அனுமதி எத்தனை ஏக்கரைப் பாதிக்கிறது என்று வரைபடத்தில் காட்டுங்கள். வாய்க்கால் ஓடும் திசையை அம்புக்குறியால் கையால் வரைந்தாலே போதும்.

கடைசியில் நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்: அனுமதி மறுக்கவும், அல்லது வாய்க்கால் ஒதுக்கீட்டைத் தொடாமல் நிபந்தனை விதிக்கவும், அல்லது கள ஆய்வுக்கு எங்களையும் அழைக்கவும்.

மண் கொட்டத் தொடங்கிவிட்டார்கள் என்றால்

நீண்ட விடுமுறை நாள்களையும் இரவையும் பார்த்துத்தான் இது நடக்கும், ஏனென்றால் அலுவலகங்கள் பூட்டியிருக்கும். முதலில் படமும் வீடியோவும் எடுங்கள். லொறியின் இலக்கத் தகடு, பெக்கோ இயந்திரம், கொட்டிய மண், பின்னணியில் அடையாளம் தெரியும் ஒரு கட்டடம், நேரம். வீதியில் நின்று எடுங்கள், பிறர் காணிக்குள் நுழைய வேண்டாம். சாரதியோடு வாக்குவாதம் வேண்டாம், அவர் கூலிக்கு வந்தவர்.

பிறகு பொலிஸ் நிலையத்துக்குப் போங்கள். அங்கே ‘வயல் நிரப்புகிறார்கள்’ என்று சொல்வதோடு நிறுத்தாமல், மண் எங்கிருந்து வருகிறது என்றும் கேளுங்கள். மண் அகழ்வதற்கும் ஏற்றிச் செல்வதற்கும் 1992 ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் வேண்டும். லொறியை நிறுத்தி அந்தத் தாளைக் கேட்கப் பொலிஸுக்கு உடனே முடியும். ஒரு ஏக்கரை நான்கு அடி உயர்த்த 1,700 கியூபுக்கு மேல் மண் வேண்டும் (ஒரு கியூப் 100 கன அடி). அத்தனை லொறியும் சரியான தாளோடு வருவது கடினம், ஆகவே பல இடங்களில் வேலை நிற்பது இந்தக் கேள்வியில்தான். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

அலுவலகம் திறந்த முதல் மணித்தியாலத்தில் கமநல சேவை நிலையத்தில் எழுத்துமூல முறைப்பாடு. பிரதியை மாவட்ட உதவி ஆணையாளருக்கும் ஆணையாளர் நாயகத்துக்கும் அனுப்புங்கள். நிரப்புவதை நிறுத்த நடவடிக்கை எடுக்கவும் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகவும் திணைக்களத்துக்கு அதிகாரம் இருக்கிறது. காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்துக்கும் சபைக்கும் அன்றே தெரிவியுங்கள். மூன்று நாளில் பதில் இல்லையென்றால் நேரில் போங்கள், தனியாக வேண்டாம், மூன்று நான்கு பேராக. பேசிய அலுவலரின் பதவியையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நீதிமன்றம்

சட்டத்துக்கு மாறான அனுமதியை ரத்துச் செய்யக் கேட்டு மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை (ரிட்) மனு போடலாம். அடிப்படை உரிமை மீறல் என்றால் உயர் நீதிமன்றம், ஆனால் ஒரு மாதத்துக்குள். இந்தக் காலக்கெடு இரக்கமில்லாதது. எனவேதான் தகவல் கோரிக்கையை முதல் வாரத்திலேயே அனுப்பச் சொல்கிறேன்.

நம்பிக்கைக்குக் காரணம் இருக்கிறது. பத்தரமுல்லையில் பொதுத் தேவைக்கென்று எடுக்கப்பட்ட தாழ்நிலம் தனியார் கோல்ப் மைதானமாக மாறியதை எதிர்த்துக் குடிமக்கள் போட்ட வழக்கில், 2008 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் அந்தக் கைமாற்றத்தை ரத்துச் செய்தது. வாட்டர்ஸ் எட்ஜ் வழக்கு என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். முன்னாள் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க 30 லட்சம் ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டியிருந்தது. அதிகாரம் மக்களுக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கப்படுவது என்ற கோட்பாட்டை, எப்பாவலவில் பொஸ்பேற் அகழும் திட்டத்தை எதிர்த்த 2000 ஆம் ஆண்டு வழக்கைத் தொடர்ந்து, நீதிமன்றம் இங்கே மறுபடி உறுதிசெய்தது. எப்பாவல வழக்கைக் கொண்டுவந்தவர்களில் அந்த ஊர்க் கமக்காரர்களும் இருந்தார்கள்.

வழக்குச் செலவு பெரிது. சட்ட உதவி ஆணைக்குழுவிடம் கேட்டுப் பாருங்கள். சுற்றாடல் வழக்குகளில் பழகிய சட்டத்தரணிகள் கொழும்பில் இருக்கிறார்கள். உங்கள் கோப்பு ஒழுங்காக இருந்தால் அவர்கள் எடுத்துக்கொள்ளத் தயங்குவது குறையும்.

காணி வாங்கப் போகிறவர்களுக்கு

பிலியந்தலையிலோ அத்துருகிரியவிலோ பத்துப் பேர்ச்சஸ் மலிவாக வந்தால், முற்பணம் கொடுக்குமுன் படி 1 இல் சொன்ன எல்லாவற்றையும் செய்து பாருங்கள். நிரப்பிய வயல் என்றால் கமநல அனுமதியின் மூலப் பிரதியைக் கேளுங்கள், விற்பவர் தரும் போட்டோப் பிரதியின் இலக்கத்தைத் திணைக்களத்தில் சரிபாருங்கள். அனுமதி இல்லாத காணிக்குக் கட்டட அனுமதி கிடைக்காமல் போகலாம், கிடைத்தாலும் முதல் பெருமழையில் வீட்டுக்குள் தண்ணீர் வரலாம். நாம் வாங்க மறுத்தால் நிரப்புவதன் இலாபம் குறையும் என்பதும் உண்மை.

பயிரிடாத வயலை மறுபடி பயிரிடுவது

நிரப்ப விண்ணப்பிப்பவர்கள் முன்வைக்கும் முதல் காரணம், ‘தரிசாகக் கிடக்கிறது’ என்பது. கொழும்பு மாவட்டத்தில் நிறைய வயல் அப்படிக் கிடப்பது உண்மைதான். கூலி அதிகம், வாய்க்கால் அடைபட்டிருக்கும், பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், காணி ஏழெட்டுப் பேருக்குப் பிரியாத உரிமையாக இருக்கும். இதில் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் வயலைக் காக்கும் வேலையில் மிகக் கடினமான பகுதியும் மிக உறுதியான பகுதியும் இதுதான். நாற்று நிற்கும் வயலை நிரப்ப அனுமதி கேட்க யாரும் எளிதில் துணிய மாட்டார்கள்.

கெஸ்பேவவில் 2012 ஐ அடுத்த ஆண்டுகளில் இதைச் செய்து பார்த்தார்கள். கைவிடப்பட்ட வயல்களில் உவர் தாங்கும் பாரம்பரிய நெல் இனங்களை விதைத்து, வரப்பை அகலமாக்கி அதில் மரக்கறி நட்டார்கள். நெல்லோடு வெள்ளநீர் தேங்கவும் இடம் கிடைத்தது. வரப்பு மரக்கறிதான் குடும்பத்துக்குக் கைக்காசு கொடுத்தது. நெல்லை மட்டும் நம்பினால் கொழும்பில் வயல் கட்டுப்படியாகாது, ஆகவே இந்த முறையை நான் முதலில் சொல்வேன்.

தொடங்குபவர் கமநல சேவை நிலையத்தில் கேட்க வேண்டியவை இவை. சொந்தக்காரர் பயிரிடாவிட்டால் வேறொருவர் பயிரிட எழுத்துமூல ஏற்பாடு செய்ய முடியுமா? அப்படிப் பயிரிடுபவரின் பெயர் பதிவேட்டில் எப்படி ஏறும்? நெல்லைத் தவிர வேறு பயிர் வைக்க என்ன அனுமதி வேண்டும்? பிரதான வாய்க்காலைத் துப்புரவாக்குவது யார் பொறுப்பு, நிலையமா, நீர்ப்பாசனத் திணைக்களமா, சபையா? சொந்தக்காரருக்கு உரிமை போய்விடும் என்ற பயம் இருக்கும். ஒரு போகத்துக்கான, இரு பக்கமும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை நிலையத்தின் அலுவலர் முன்னால் எழுதினால் அந்தப் பயம் பெரும்பாலும் அடங்கும்.

பெரும்போகத்துக்கு ஒக்டோபர் மழையோடு விதைக்க வேண்டுமென்றால் இந்தப் பேச்சை ஜூலையிலேயே தொடங்குங்கள். வாய்க்கால் துப்புரவுக்குச் சபையில் ஒரு பெக்கோ கேட்டு வாங்கவே ஒரு மாதம் போகும். விதைப்புத் திகதிகளை முடிவுசெய்யும் போகக் கூட்டத்துக்கு முன் பயிரிடும் ஒவ்வொருவரின் பெயரையும் பதிவேட்டில் ஏற்றி, பதிந்ததற்கான பிரதியைக் கையில் வாங்கிவிடுங்கள்.